நாற்பத்தோராம் பக்கம்

எங்கள் கம்பெனிக்கு ஏழு வயது நிறைந்தபோது சென்னை ஆபீசில் வழவழப்பான தாளில் ஒரு வரலாற்றுப் புத்தகம் போட்டார்கள். விழாவில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். ஒரு கையில் சமோசாவை வைத்துக்கொண்டு மறுகையால் புரட்டினேன். எங்கள் ஆய்வறிக்கைகளின் கடைசிப் பக்கத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. 'எங்களுக்கு இன்னும் தெரியாதவை' என்ற தலைப்பில் ஒவ்வோர் அறிக்கையிலும் வருகிற பக்கம் அது. தொழில்நுட்பக் கம்பெனிகளில் பணம் போடுகிறவர்கள் எங்கள் அறிக்கை கைக்கு வந்ததும் அதைத்தான் முதலில் திருப்புவார்கள். அந்தப் பக்கம் நிறுவனர்களின் தொலைநோக்கால் முதல் நாளே வகுக்கப்பட்ட கொள்கையாம். படித்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கொள்கையாவது கத்தரிக்காயாவது. அந்தப் பக்கம் பிறந்தது என் கவனக்குறைவால், பிழைத்தது என் அப்பாவால். புத்தகம் எழுதினவர்கள் எங்கள் இருவரையும் கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

2011 கடைசியில் அடித்த 'தானே' புயலில் நெய்வேலி டவுன்ஷிப் மரமெல்லாம் சாய்ந்து, குடியிருப்புப் பிளாக்குகள் மொட்டையாக வெயில் காய்ந்துகொண்டிருந்த சமயத்தில் கம்பெனி தொடங்கியது. தொடங்கியவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நெய்வேலியிலேயே பிறந்து வளர்ந்தவர். வெளிநாட்டில் ஒரு முதலீட்டு வங்கியில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, இங்கே அனல்மின் நிலையத்தில் பர்மனென்ட் ஊழியராக இருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பி வந்தார். அவ்வளவு படிப்பும் குவார்ட்டர்ஸ் தோட்டத்து முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றத்தானா என்று பக்கத்து வீடுகளில் பரிதாபப்பட்டார்கள். அவர் டவுன்ஷிப்பை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்தார். குவார்ட்டர்ஸில் தொழில் நடத்தக்கூடாது என்பது விதி, அக்காவுக்கு விதி என்றால் விதிதான்.

அவருடைய பழைய வங்கி நண்பர் ஒருவர் சென்னையில் இருந்தார். நாங்கள் அவரைச் சென்னை சார் என்போம். இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் கம்பெனி. புதிதாக ஏதாவது மென்பொருளோ கருவியோ செய்கிற கம்பெனிகளுக்குப் பணம் போட ஆள் தேடித் தருவது சென்னை சாரின் வேலை. பணம் போடுகிறவர் நம்பும்படி அந்தக் கம்பெனியை அலசி ஆராய்ந்து அறிக்கை எழுதுவது மந்தாரக்குப்பத்து மாடியின் வேலை. எங்கள் தெருவில் இதை விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில் அப்பாதான் சுலபமாக்கினார். சென்னை சார் கல்யாணத் தரகராம், நாங்கள் ஜாதகம் எழுதுகிறவர்களாம். "எம் பொண்ணு கம்பெனிங்களுக்கு ஜாதகம் எழுதுது" என்று டீக்கடையில் சொல்லிவிட்டு வந்தார். இன்றுவரை எந்த எம்.பி.ஏ.வும் இதைவிடத் தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் கடலூரில் பி.காம் முடித்துவிட்டு டைப்பிங் வேலை என்று நினைத்துத்தான் போனேன். அக்கா ஒரு கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தைக் கையில் கொடுத்துக் கால்மணி நேரம் படிக்கச் சொன்னார். பிறகு ஒரே கேள்வி கேட்டார். இதில் எதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள்? எனக்கு அந்த இங்கிலீஷில் பாதி புரியவில்லை. புரியாத கடுப்பில், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எங்கேயும் இல்லையே, எல்லாம் தானாகவே நடக்கிற மாதிரி எழுதியிருக்கிறார்களே என்றேன். நாளைக்கே வா என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்பா அப்போது சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் தொழிலாளி. மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிற ரப்பர் பெல்ட்டின் அடியில் சிந்துவதை மம்பட்டியால் வாரி, பாண்டு என்கிற இரும்புச் சட்டியில் அள்ளி அப்புறப்படுத்துகிற வேலை. குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஊரிலிருந்து டி.வி.எஸ். ஃபிஃப்டியில் போய் வருவார். கான்ட்ராக்டர் மாறினால் புதிதாகப் பேர் எழுதுவார்கள், பேர் எழுதினால் புதுசாகச் சேர்ந்த ஆள்தான். பத்தொன்பது வருடத்தில் அவர் எத்தனை முறை புது ஆளானார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. என் வேலையைப் பற்றி அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. பர்மனென்ட் பண்ணுவாங்களா என்பார். எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு வார்த்தையே இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்பார்.

மாடி அறையில் நாங்கள் நான்கு பெண்கள், கம்ப்யூட்டர் இரண்டு. வேறு ஊரென்றால் என்ன செய்திருப்பார்களோ, நெய்வேலியில் வளர்ந்த அக்காவுக்கு இதற்கு ஒரே விடைதான் தோன்றும். ஷிஃப்ட் போட்டார். காலை ஆறு முதல் ஒன்று வரை முதல் ஷிஃப்ட், ஒன்று முதல் எட்டு வரை இரண்டாவது. ஷிஃப்ட் என்றால் லாக் புக் வேண்டுமே, அதுவும் வந்தது. சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் ஷிஃப்ட் முடிந்து போகிறவர் எந்த மெஷின் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி வைக்காமல் படியிறங்க மாட்டார், வருகிறவர் படித்துக் கையெழுத்துப் போடாமல் தொட மாட்டார். எங்களுக்கும் அதே. எது முடிந்தது, எது முடியவில்லை, எதில் சந்தேகம், அதை யார் சொன்னது என்று எழுதிவிட்டுத்தான் செருப்பை மாட்ட வேண்டும். அக்காவின் கண்டிப்பெல்லாம் கடைசி விஷயத்தில்தான். யார் சொன்னது என்று போடாத சந்தேகத்தை வதந்தி என்று சொல்லி அடித்துவிடுவார்.

முதலில் நீள நோட்டில் எழுதினோம். நோட்டு ஒரு பக்கம், அறிக்கை ஒரு பக்கம் என்று அலைய முடியாமல், அறிக்கைக் கோப்பின் கடைசியிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி லாக்கை அங்கே தட்டச்சு செய்ய ஆரம்பித்தோம். அடுத்த ஷிஃப்ட்டுக்கு வருகிறவள் கோப்பைத் திறந்ததும் கடைசிப் பக்கத்துக்குப் போவாள். அறிக்கை வெளியே போகும் நாளில் அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஒன்றரை வருடம் சின்னச் சின்ன ஜாதகங்களாக எழுதினோம். பள்ளிக்கூட வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குச் சொல்கிற செயலி, ஆஸ்பத்திரி பில் போடுகிற மென்பொருள், அப்படி. போனில் பேசுகிறவர்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள் என்பார்கள். நெய்வேலி என்றதும் அங்கே நிலக்கரிதானே தோண்டுவார்கள் என்று சிரிப்பார்கள். அப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்கள் வீட்டு மின்விசிறி எங்கள் ஊர்க் கரியில்தான் சுற்றுகிறது என்று ஒருவரிடம் சொல்லியே விட்டேன். அக்கா என்னைத் திட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

பெரிய வேலை வந்தது அதற்குப் பிறகுதான். வடக்கே ஒரு கம்பெனி, சுரங்க கன்வேயர்களுக்காக ஒரு கேமரா செய்திருந்தது. பெல்ட்டின் அடியில் பொருத்திவிட்டால், ரப்பரில் எங்கே கீறல் விழத் தொடங்குகிறது என்று கிழிவதற்கு முன்பே சொல்லிவிடும். சிங்கப்பூரில் ஒரு முதலீட்டு நிறுவனம் அதில் பெரிய தொகை போட யோசித்தது. தரகு எங்கள் கம்பெனிக்கு. சென்னை சார் ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். இந்த வேலை முடிந்தால் மந்தாரக்குப்பம் இருக்கும். முடியாவிட்டால் மாடி வாடகை கொடுக்கக்கூட வழியில்லை, அறையைக் காலி செய்துவிட்டு ஆராய்ச்சிக்குச் சென்னையில் ஆள் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அவர் மிரட்டவில்லை, நிலைமை அப்படித்தான் இருந்தது. சென்னைக்கு எங்கள் நால்வரில் ஒருத்தியும் போக முடியாது. ஒருத்திக்குக் கைக்குழந்தை, ஒருத்திக்குப் படுக்கையில் மாமியார். எனக்கோ, கான்ட்ராக்டர் மாறும் மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு என் சம்பளத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது.

அந்தக் கம்பெனி அனுப்பிய கோப்புகளில் நிறையப் படங்கள் இருந்தன. அதில் ஒன்றுக்குக் கீழே, நல்ல மழைக்காலத்தில் ஒரு சுரங்கத்தில் சோதித்தபோது எடுத்தது, ஆள் துணையே இல்லாமல் வாரக்கணக்கில் வேலை செய்தது என்று போட்டிருந்தது. கேமரா, அதற்கு மேலே பெல்ட், பக்கவாட்டில் வரிசையாகப் பெல்ட்டைத் தாங்கும் ரோலர்கள். எனக்கு எல்லாம் இரும்பும் ரப்பருமாகத்தான் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வாசலில் வண்டியின் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் சுரங்கத்தைப் பற்றி நான் அவரிடம் எதையும் கேட்கக்கூடாது, அது அக்காவின் கண்டிப்பான உத்தரவு. இது வேறு எங்கோ உள்ள சுரங்கம். பெல்ட்டைப் பற்றிப் பொதுவாகப் புரிந்துகொள்ளத்தான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன்.

கையைத் துணியில் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். கேமராவை அவர் பார்க்கவே இல்லை. அதற்குக் கீழே தரையைப் பார்த்தார். இது மழையில எடுத்ததுன்னா எழுதியிருக்கு என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"மழையில மண்ணு பெல்ட்டோட ஒட்டிக்கினு வரும், பாப்பா. ரோலர் எல்லாம் களி உருண்டையாட்டம் ஆயிடும். இதுல ரோலரு பளபளன்னு கீது. தரையப் பாரு, மம்பட்டி தடம். யாரோ இப்பத்தான் வாரிக்கினு போயிருக்காங்க. நாலு ஆளு இல்லாம இவ்ளோ சுத்தம் வராது."

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈரத் தரையில் பிறை பிறையாகக் கோடுகள் இருந்தன. பத்து நாளாக அந்தப் படத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அக்கா பார்த்தார், சிங்கப்பூரில் எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அப்பாவுக்கு மட்டும் படத்தில் இல்லாத நாலு பேர் தெரிந்தார்கள். கேமரா நன்றாகத்தான் வேலை செய்திருக்கும். ஆனால் அது பார்க்கும்படி பெல்ட்டை யாரோ சுத்தம் செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள். ஆள் துணை இல்லை என்று எழுதியவர்கள் அவர்களை ஆளாகக் கணக்கில் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட் முடியும்போது லாக்கில் எழுதினேன். என் ஓட்டை இங்கிலீஷில் எழுதியதன் பொருள் இதுதான்: மழைக்காலப் படத்தில் ரோலர்கள் அளவுக்கு மீறிச் சுத்தமாக உள்ளன. தரையில் மண்வெட்டித் தடம். கேமரா வேலை செய்ய எத்தனை பேர் மண் அள்ள வேண்டும் என்று கேட்க வேண்டும். சொன்னவர் என் அப்பா, கன்வேயரில் கான்ட்ராக்ட் தொழிலாளி, பத்தொன்பது வருடம்.

அக்கா படித்துவிட்டுச் சென்னை சாருக்குப் போன் போட்டார். அந்தக் கம்பெனியிடம் கேட்டுவிடலாம் என்றார். சென்னை சார் கேட்கவும் முயன்றார், அந்த முதலாளி வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தார், பதில் வரவில்லை. அறிக்கை அனுப்ப வேண்டிய நாள் வந்துவிட்டது. ஒரு படத்தையும் ஒரு மண் அள்ளுகிறவர் பேச்சையும் வைத்துக்கொண்டு ஆராய்ச்சி அறிக்கையில் குறை எழுத முடியாது, பதில் வந்ததும் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் சார். மண் அள்ளுகிறவர் என்று அவர் சொன்னதைக் கேட்டு என் முகம் எப்படி ஆயிற்றோ, அக்கா ஸ்பீக்கரை அணைத்துவிட்டார். ஆனால் அவரும் அரை மனதோடு ஒத்துக்கொண்டார். கேள்வி லாக்கில் இருக்கட்டும், பதில் வராமல் யாரையும் முதலீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட விடமாட்டேன் என்று என்னிடம் சொன்னார்.

புதன்கிழமை ஒரு மணிக்குள் அறிக்கை போக வேண்டும். காலையிலிருந்து கரண்ட் வந்து வந்து போனது. ஊருக்கே மின்சாரம் தயாரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கரண்டுக்குக் காத்திருந்த எங்கள் பிழைப்பைத் தனியாக எழுத வேண்டும். கடைசியாகக் கரண்ட் வந்தபோது ஒன்றாக ஐந்து நிமிடம். அவசர அவசரமாகக் கோப்பை இணைத்து அனுப்பினேன். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே பஸ் ஸ்டாப் வரை வந்துவிட்ட பிறகுதான் நினைவு வந்தது. நாற்பது பக்க அறிக்கை, நாற்பத்தோராம் பக்கம் லாக். அதை நான் நீக்கவே இல்லை.

பின்னாளில் சிலர் நான் வேண்டுமென்றே விட்டேன் என்று பெருமையாகப் பேசினார்கள். ஒரு காலத்தில் அதைக் கேட்டுச் சிரித்து மழுப்பியிருக்கிறேன். இப்போது சொல்லிவிடுகிறேன், அதில் வீரம் எதுவும் இல்லை. அன்று பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓடினேன். திரும்ப மாடியேறி, அழுதுகொண்டே அக்காவிடம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, போன கோப்பைத் திறந்து கடைசிப் பக்கம் வரை போனார். அதை இரண்டு முறை படித்தார்.

"இதுல எழுதினது உண்மைதானே?" என்று கேட்டார்.

"உண்மைதான்க்கா."

"அப்ப அழாத. பொய்யா இருந்தா அழலாம்."

சென்னை சார் அப்படி நினைக்கவில்லை. அவர் போனில் கத்தியது கீழே ஜெராக்ஸ் கடை வரை கேட்டது. முதலீடு செய்யப் போகிறவர் கையில் சந்தேகப் பட்டியலைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம், இனி யார் நம்மை நம்புவார்கள், மாடியைக் காலி செய்யத் தயாராகுங்கள் என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது என்று இன்று எனக்குத் தெரியும். மூன்று மாதம் ஊர் ஊராக அலைந்து அவர் பேசி முடித்த காரியம் அது. அன்று அவரை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இரண்டாவது ஷிஃப்ட்டுக்கு வந்த இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் கம்ப்யூட்டர் மேல் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. அந்த நிறுவனத்தில் இந்த முதலீட்டைக் கவனிக்கிற அம்மையார் எழுதியிருந்தார். நாற்பது பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் உள்ள அந்தத் தொழிலாளியிடம் பேச முடியுமா என்று கேட்டிருந்தார்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் முதலில் பயந்தார். பெரிய இடத்து விவகாரம், நமக்கு எதுக்கு என்றார். அக்கா நேரில் வந்து விளக்கினார். அவர் வேலை பார்க்கிற இடத்தைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள், கேட்டால் போனை வைத்துவிடலாம், பெல்ட் வேலை தெரிந்தவர் என்கிற முறையில் மட்டும் பேசினால் போதும் என்றார். அப்பா, அவங்க கேக்கறது வேல பத்தித்தானே என்று கேட்டுச் சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து, குளித்து, கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாடியேறி வந்தார். சக்கரம் வைத்த நாற்காலி நழுவுகிறது என்று அதில் உட்காரவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தார். சிங்கப்பூர் அம்மையார் இங்கிலீஷில் கேட்க, நான் தமிழில் சொல்ல, அப்பா சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன். அக்கா பக்கத்தில் நின்றார். சென்னை சார் இன்னொரு போனில் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

களிமண் என்றால் எப்படி ஒட்டும், கரி என்றால் எப்படி, தூறலுக்கும் அடைமழைக்கும் என்ன வித்தியாசம், படத்தில் இருக்கிற அளவு சுத்தம் எத்தனை நேரம் நிற்கும் என்று அந்த அம்மையார் கேட்டுக்கொண்டே போனார். அப்பா ஒவ்வொன்றுக்கும் கையை அசைத்து, மம்பட்டி பிடிக்கிற மாதிரி காட்டி, நிதானமாகப் பதில் சொன்னார். தினமும் வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். அவருக்குள் இவ்வளவு இருந்தது எனக்கே தெரியாது. பத்தொன்பது வருடம் பெல்ட்டின் அடியில் குனிந்து அவர் சேர்த்து வைத்ததை ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட.

கடைசியாக அந்த அம்மையார், அந்தக் கேமராவை வாங்கினால் லாபமா நஷ்டமா என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அது எனக்குத் தெரியாதுன்னு சொல்லு, பாப்பா. கேமராவ நான் பாத்ததில்ல. அடியில சுத்தமா இருந்தாதான் அதுக்குக் கண்ணு தெரியும். சுத்தம் பண்ண ஆளுங்க வேணும். அந்த ஆளுங்களயும் சேத்துக் கணக்குப் போடச் சொல்லு."

நான் சொல்லி முடித்ததும் அந்த அம்மையார் அதைத் தட்டச்சு செய்துகொள்கிற சத்தம் கேட்டது. பிறகு, தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் நிபுணர் இவர்தான் என்றார். அதை நான் தமிழில் சொன்னபோது அப்பாவுக்கு நிபுணர் என்ற சொல் சிரிப்பை வரவழைத்தது. வெட்கப்பட்டுக்கொண்டு சட்டைக் காலரைச் சரி செய்தார். எனக்கோ அந்த மாடியிலிருந்து கத்தி மந்தாரக்குப்பம் கடைத்தெரு முழுவதற்கும் சொல்ல வேண்டும்போல இருந்தது.

கேமரா கம்பெனி முதலாளி ஊர் திரும்பியதும் கேட்டார்கள். ஆமாம், சோதனை நடந்த நாட்களில் ஒரு குழு சுத்தம் செய்துகொண்டிருந்தது, அது அங்கே வழக்கமாக நடப்பதுதானே, அதை எதற்கு எழுத வேண்டும் என்று நினைத்துவிட்டோம் என்றார். அவர் ஏமாற்றவில்லை, அவர் கண்ணுக்கும் அந்த ஆட்கள் படவில்லை. முதலீடு அந்த மாதம் நடக்கவில்லை. எங்கள் நாலு பேருக்கும் அக்கா தன் கையிலிருந்து சம்பளம் கொடுத்தார். அந்தக் கம்பெனி கேமராவோடு சேர்த்துத் துடைக்கிற தூரிகை ஒன்றைச் செய்து, உண்மையான மழையில் சோதித்துக் காட்டியது. அதற்குப் பிறகு சிங்கப்பூர் பணம் போட்டது. மாடி காலியாகவில்லை.

அந்தச் செய்தி வந்த வாரம் சென்னை சார் முதல் முறையாக மந்தாரக்குப்பம் வந்தார். படியேறும்போது மூச்சு வாங்கியது, மனிதர் நினைத்ததைவிடக் குண்டு. உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் லாக்கை நீக்காமல் அனுப்பியதற்குக் கேட்டேன். இனி அந்தப் பக்கத்தை நீக்கவே வேண்டாம் என்று முடிவு செய்தது அன்றுதான், அந்த ஸ்டூலுக்கும் இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவில். வரலாற்றுப் புத்தகத்தில் வருகிற தொலைநோக்கு இவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பக்கத்துக்காகவே எங்களைத் தேடி வந்தார்கள். மாடி போதாமல் கீழே ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துப் போர்ஷனும் எடுத்தோம். டவுன்ஷிப் பிளாக்குகளிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டுச் சிரித்தவர்கள், நெய்வேலி டீம் எழுதியதா என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். மார் தட்டிக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், தட்டிக்கொள்ள எங்களுக்குத் தகுதி இருக்கிறது.

ஒன்று மட்டும் மிச்சம். அந்தக் கேமரா அறிக்கையைத் திருத்தி இறுதியாக அச்சடிக்கும்போது, யார் யாரிடம் பேசினோம் என்ற பட்டியல் போட வேண்டியிருந்தது. ஒரு பேராசிரியர், ஓய்வுபெற்ற மேலாளர் இரண்டு பேர், ஒரு ரப்பர் தொழிற்சாலை பொறியாளர், பிறகு அப்பா. பேர் போடுவதில்லை, அவரவர் தகுதி மட்டும்தான். சென்னை சார் போன் செய்தார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். கான்ட்ராக்ட் தொழிலாளி என்பதற்குப் பதிலாக மூத்த சுரங்க நிபுணர் என்று போட்டால் அப்பாவுக்கும் மரியாதை, அறிக்கைக்கும் மரியாதை என்றார். எனக்கும் ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. அப்பாவையே கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அந்த மாதம் கான்ட்ராக்டர் மாறியிருந்தார். அப்பாவின் பேரை மறுபடி புதிதாக எழுதியிருந்தார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து புது கேட் பாஸைப் பிளாஸ்டிக் உறையில் நுழைத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டையும் சொன்னேன். சார் சொல்வது இப்படி, லாக்கில் நான் எழுதியது இப்படி, எதைப் போடட்டும் என்று கேட்டேன். கேட் பாஸை மேசையில் வைத்தார்.

"கான்ட்ராக்ட்டுன்னே போடு, பாப்பா. அதுல இன்னா கொறச்சலு. ஆனா பத்தொம்போது வருசம்னு சேத்துப் போடு. அத மட்டும் வுட்டுடாத."

அப்படியே போட்டேன். அச்சாகி வந்த பிரதியில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று கேட்டார், காட்டினேன். இங்கிலீஷ் எழுத்து அவருக்கு வராது, எண் தெரியும். பத்தொன்பதின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.